பாசி ஓயும் பருவம்

காரைமேட்டில் டீசல் விலை ஏறினால் கனவு வரும். விலை இறங்கினால் வெறும் தூக்கம்தான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம் அவர்களை இங்கே படுக்கவைத்து எழுப்பினால் போதும், சிரிப்பு போய்விடும்.

ஐப்பசி பிறந்ததும் ஊரோரத்து எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து ஒரு வாசனை கிளம்பும். மழை விழுந்த மணலும் ஈர வலையும் சேர்ந்தாற்போல ஒரு மணம். அதை மூக்கில் ஏற்றிக்கொண்டு கண்ணை மூடினால் ஊர் மொத்தத்துக்கும் ஒரே கனவு. பச்சையாக, வெதுவெதுப்பாக, கரையே இல்லாத ஒரு கடல். அதில் முள் உள்ள மீன் ஒன்றுகூடக் கிடையாது. குடை மாதிரி விரிந்து சுருங்கும் ஏதேதோ உயிர்கள் மிதந்துகொண்டிருக்கும். அலைகூடச் சத்தம் போடாது. எங்கோ தொலைவில் ஒரு ரயில் மட்டும் கூவும். காலையில் டீக்கடையில் முந்தின நாள் கிரிக்கெட்டைப் பேசுவதுபோல அதைப் பேசிக்கொள்வார்கள். "நேத்து அந்தச் செவப்புக் குடை என் மேல ஒரசிட்டுப் போச்சுய்யா" என்பார் ஒருவர். "ஒன்ன மட்டுந்தான் ஒரசுச்சாக்கும்" என்பார் இன்னொருவர்.

இத்தனைக்கும் காரணம் பாசி. காரைமேட்டு எண்ணெய் ஆலையில் நெருப்பு கிடையாது. மற்ற ஊர்களில் கச்சா எண்ணெயை உலையில் காய்ச்சிப் பெட்ரோல், டீசல் என்று பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே உயிருள்ள ஒரு பச்சைப் படலத்தைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து அதன்மேல் எண்ணெயை ஓடவிட்டார்கள். அது தின்னும், பிரிக்கும், டீசலாக உமிழும். விஞ்ஞானிகள் வாயில் நுழையாத பெயர் ஒன்றை அதற்கு வைத்திருந்தார்கள். ஊர் அதைப் பாசி என்றது. பிறகு விஞ்ஞானிகளும் பாசி என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். விறகே கேட்காத அடுப்போடு மற்ற அடுப்புகள் எப்படிப் போட்டி போடும்? நாட்டின் பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு இரும்புக் கடைக்குப் போயின. கடைசியில் மிஞ்சியது காரைமேடு ஒன்றுதான்.

பாசியிடம் ஒரே ஒரு குறை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அது வேலை செய்யாது. நிறம் மங்கி, சுருண்டு, ஓய்ந்து கிடக்கும். தூங்குகிறது என்றார்கள். சரியாகத் தீபாவளி நேரத்தில் நாடு விலையேற்றத்தில் புலம்பும், காரைமேடு கனவு காணும்.

மணிமொழி அந்த ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பகல் ஷிப்ட் பார்ப்பவள். மீனவக் குப்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, அதே குப்பத்தில் விசைப்படகு வைத்திருந்த ரத்தினவேலைக் கட்டிக்கொண்டவள். கல்யாணமான புதிதில் அவன் ஒரு நாள் கேட்டான்.

"கச்சா எண்ணெ கப்பல் கப்பலா வந்து வெளித்தண்ணில நிக்குது. நான்தான் தெனம் பாக்கறனே. அப்புறம் எதுக்கு வெல ஏறுது?"

"நெல்லு மலையாக் குமிஞ்சிருக்கு. ஊருக்கு மில்லு ஒண்ணுதான். அந்த மில்லு ரெண்டு மாசம் ஓடல. அரிசி வெல ஏறுமா, ஏறாதா?"

"ஏறும். அப்ப இன்னொரு மில்லு கட்ட வேண்டியதுதான."

"கட்டலாம். இந்த மில்லு ஓடுற பத்து மாசமும் அந்த மில்லுக்கு யாருங்க நெல்லு போடுவா? ஈ ஓட்டறதுக்கு ஒருத்தன் மில்லு கட்டுவானா?"

"எங்க பொழப்பு ஒரு பாசி கையில இருக்குன்னு சொல்லு" என்றான் ரத்தினவேல்.

அப்படி ஏறிய விலைதான் பக்கிரிசாமியைக் கொண்டுபோனது. அவர் ரத்தினவேலின் அக்கா அஞ்சலாட்சியின் புருஷன், எந்நேரமும் காதில் ஒரு பீடியைச் சொருகிவைத்திருப்பவர். ஒரு கார்த்திகையில், போவதற்கு மட்டும் டீசல் ஊற்றிக்கொண்டு, வருவதற்குக் காற்றை நம்பிக் கடலுக்குப் போனார். அந்த மாதங்களில் பலரும் அப்படிப் போய் வந்தவர்கள்தான். அவர் போன அன்று காற்று சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சில நாள் கழித்து அவருடைய நீலப் படகு மட்டும் டேங்க் காய்ந்து கரை ஒதுங்கியது.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் உடம்பு ஊரில் கிடக்கும் நாளில் ஒரு படகும் கடலில் இறங்காது. ஊர் செய்கிற மரியாதை அது. பக்கிரிசாமியின் உடம்பு வரவில்லை, அதனால் அவருக்கு அந்த நாளும் இல்லை. அஞ்சலாட்சி கருமாதி செய்யவில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை. நீலப் படகை ஆலை மதிலோரம் ஏற்றி நிறுத்தி, கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போய்வந்த மத்தியானங்களில் அதற்குள் படுத்துக்கொள்வாள். மற்றவர்கள் போனவர்களுக்குச் சோறும் மீனும் படைப்பார்கள். அவள் வருடா வருடம் அவர் கிளம்பிப்போன நாளில் ஒரு கேன் டீசல் வாங்கிவந்து அந்தப் படகின் டேங்கில் ஊற்றுவாள்.

"எதுக்கு அண்ணி வீணாக்கறீங்க?" என்று மணிமொழி ஒரு தடவை கேட்டாள்.

"பசியோடயா போனாரு? வயிறு நெறையத் தின்னுட்டுத்தான் போனாரு. இல்லாமப் போனது இது ஒண்ணுதான்" என்றாள் அஞ்சலாட்சி.

பாசி ஓயும் பருவத்தில் அவளுக்கு வரும் கனவில் மட்டும் ஒரு நீலப் புள்ளி இருக்கும். பச்சைக் கடலில் வெகுதூரத்தில் படகு நிற்கும். என்ஜின் அணைந்திருக்கும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆசை மனசு காட்டுகிற வேடிக்கை என்றார்கள் ஊரில். அவளுக்கு அந்த முதுகே போதுமானதாக இருந்தது.

கனவில் ரயில் எப்படி வந்தது என்பதை ஆலையின் விஞ்ஞானி எட்வின்தான் ஒரு நாள் மணிமொழிக்குச் சொன்னார். தலை நரைக்கத் தொடங்கிய, எந்நேரமும் டீ கிளாசோடு அலைகிற மனிதர். "இது எண்ணெயத் திங்குதுல்ல, அந்த எண்ணெய் கோடி வருஷத்துக்கு முந்தின கடல் உயிருங்க செத்து மக்கினதுதான். அதோட ஞாபகம் இதுக்குள்ள எங்கயோ ஒட்டிக்குது. அதான் பச்சைக் கடல். ஆனா எண்ணெய் மட்டும் இல்ல மணிமொழி, பக்கத்துல எது இருக்கோ அதையும் குஞ்சுப் பருவத்துல வாங்கிக்குது. மொதமொதல்ல இத வளத்த லேபு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு."

அந்த எட்வின்தான் ஒரு புரட்டாசிக் கடைசியில் வெள்ளை உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அதைக் கரைத்து விட்டால் பாசி ஓயாது. வருடம் முழுக்க ஆலை ஓடும்.

"அதுக்கு வலிக்குமா சார்?"

"சோதனையில ஒண்ணும் தெரியல. தூக்கம் வந்தா நாம டீ குடிக்கறோம்ல, அது மாதிரின்னு வச்சுக்கங்க." கையில் இருந்த கிளாசைப் பார்த்துக்கொண்டார். "வெல ஏறுனா மொதல்ல நிக்கறது கிராமத்து பஸ்ஸு. அடுத்து ஆம்புலன்சு. எங்க அம்மா அப்படித்தான் வழியிலயே போனாங்க. எனக்கு இது ஓடணும்."

வால்வைத் திறக்கும் பொத்தான் மணிமொழியின் மேஜையில் இருந்தது. அவள் மறுத்தால் வேறொருவர் திறந்திருப்பார், வாஸ்தவம்தான். ஆனால் மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று காலை ரத்தினவேல் வாசலில் உட்கார்ந்து படகில் கட்டுகிற பழைய பாய்த்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான். போவதற்கு மட்டும் டீசல், வருவதற்குப் பாய். அந்த ஊசி ஏறி இறங்கியதுதான் அவள் கண்ணுக்குள் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். மனசு நிம்மதியாக இருந்தது, அதில் பொய்யில்லை.

அந்த ஐப்பசியில் விலை ஏறவில்லை. நாடு அதைக் கொண்டாடியது. ரத்தினவேல் பாய்த்துணியைச் சுருட்டிப் பரண்மேல் போட்டான். எல்லா ஊருக்கும் பஸ் ஓடியது, தீபாவளிக்கு எல்லாரும் எங்கெங்கோ போய்வந்தார்கள். காரைமேட்டில் மட்டும் கனவு வரவில்லை. கட்டையாய்த் தூங்கி, கண் எரிச்சலோடு எழுந்தார்கள். டீக்கடையில் பேச்சு குறைந்தது, சண்டை கூடியது. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அஞ்சலாட்சி வீடு தேடி வந்து கேட்டாள். "எப்ப மணி அது தூங்கும்?"

"இந்த வருஷம் தள்ளிப்போகுது போல அண்ணி" என்றாள் மணிமொழி, அரிசியில் கல் பொறுக்கியபடியே. அரிசியில் கல்லே இல்லை.

அடுத்த வருடம் அஞ்சலாட்சி கேட்கவில்லை. ஆறிவிட்டது போலிருக்கிறது என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் வருடம் ஆடியில் பாசி ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. எட்வின் உப்பைக் கூட்டினார், குறைத்தார், நிறுத்தினார். ஒன்றும் எடுபடவில்லை. ஆவணியில் தொட்டிகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயின. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே அவர் பேசினார்.

"நாம தூக்கம்னு நெனச்சதுதான் தப்பு, மணிமொழி. அது ஒரு நாளும் தூங்கல. அந்த ரெண்டு மாசமும் விதை விட்டுக்கிட்டிருந்திருக்கு. அந்த வாசனையே விதைதான். பழசு சாகறதுக்குள்ள புதுசு பக்கத்துலயே மொளச்சிக்கிட்டு வந்திருக்கு, நமக்குத் தெரியாமலே. அத விதை விட நாம விடவே இல்லியே."

எட்வினுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் மணிமொழி பிறந்த ஊர் எது? சித்திரை வந்தால் கடலில் மீன் முட்டையிடுகிறது என்று அத்தனை விசைப்படகையும் கரையில் கட்டிப்போட்டுவிட்டு, கஞ்சி குடித்துக் காத்திருக்கிற ஊர். தடைக்காலம் என்றால் என்னவென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் உயிர் வருடம் தவறாமல் இரண்டு மாதம் ஓய்கிறதே, எதற்கு என்று அந்த ஊரில் பிறந்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பாசி செத்ததும் விலை எகிறியது. பழைய ஆலைகளின் இரும்பு எப்போதோ பாலமாகவும் கட்டிடமாகவும் ஆகிவிட்டிருந்தது. புதிதாகக் கட்டினாலும் வருடக்கணக்கில் ஆகும். கடலில் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்க, பஸ்கள் நின்றன. உயிருள்ள பாசி ஒரு கைப்பிடி கொண்டுவந்தால் கேட்டதைக் கொடுப்பதாகக் கம்பெனி அறிவித்தது. யாரிடம் இருக்கும்? ஐப்பசி பிறந்ததும் ரத்தினவேல் பரணில் இருந்து பாய்த்துணியை இறக்கினான்.

"போறதுக்கு மட்டும் ஊத்திக்கிறேன். வரும்போது வாடக்காத்து தள்ளிக்கிட்டு வந்துடும்."

"பக்கிரி அண்ணனும் இதத்தான சொல்லிட்டுப் போனாரு."

"அதுக்காக? கடல பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தா ஒல கொதிக்குமா?"

மணிமொழி செருப்பை மாட்டிக்கொண்டு மதிலோரம் நடந்தாள். யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அஞ்சலாட்சி நீலப் படகுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்ல வெயில். படகின் நிழலில் நாய் ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அது தானா முழிச்சிருக்கல. உப்பு போட்டு முழிக்க வச்சோம். நான்தான் தொறந்துவிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் அஞ்சலாட்சி, எழுந்திருக்காமலே.

"எப்புடி?"

"கேட்டப்ப நீ என் மொகத்தப் பாக்கல. ஏறி வா. இப்புடிப் படு."

எதற்கென்று புரியாமல் மணிமொழி ஏறிப் பலகையில் தலைசாய்த்தாள். மழை விழுந்த மணல் மணத்தது. ஈர வலை மணத்தது. கண் தானாக மூடியது, மூடியதும் இமைக்குள் பச்சையாய் வெதுவெதுப்பாய் ஏதோ பரவியது. திடுக்கிட்டு எழுந்தாள். அஞ்சலாட்சி நகர்ந்து டேங்கின் மூடியைத் திருகித் திறந்து காட்டினாள். உள்ளே டீசலின் மேல், இளங்குருத்தின் நிறத்தில், பாசி மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வருடா வருடம் அவள் பக்கிரிசாமிக்குப் படைத்ததைத் தின்று வளர்ந்திருந்தது.

"கடசியா ஓஞ்ச வருஷம், நான் டேங்கத் தொறந்து ஊத்தறப்ப, மதில் தாண்டி வந்து விழுந்திருக்கும்" என்றாள் அஞ்சலாட்சி. "சொன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. அதான் சொல்லல."

மணிமொழி மூடியை வாங்கித் திரும்ப மாட்டினாள். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி. இந்தத் தடவ நெசமாத்தான்."

அஞ்சலாட்சி அவளைத் தாண்டிக் குப்பத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ரத்தினவேல் வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தம்பி என்னா தைக்கிறான்?"

"பாயி."

"போறதுக்கு மட்டுமா?"

மணிமொழி தலையாட்டினாள். அஞ்சலாட்சி படகின் விளிம்பை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"எடுத்துக்கிட்டுப் போ."

"அங்க கொண்டுபோனா அண்ணன் கனவுல வருவாரான்னு தெரியாதே."

"தெரியாதுதான். போனவரப் பாத்துக்கிட்டிருக்கறதுக்காகப் போகப்போறவன விட முடியுமா?"

சேதி கேட்டு எட்வின் குப்பத்துக்கே வந்தார். ஊர்ப் பஞ்சாயத்தார் கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். கம்பெனி எதைக் கேட்டாலும் தரும் என்றார் எட்வின். அஞ்சலாட்சி கேட்டது ஒன்றுதான்.

"சித்திரையில எங்க படகெல்லாம் கரையில நிக்குது. மீனு முட்டையிடுது, போகாதன்னு சர்க்காரு சொல்லுது, நாங்களும் போறதில்ல. இதுக்கும் அதே மாதிரி தடைக்காலம் வைங்க. ஐப்பசி, கார்த்திகை யாரும் இத தொடக்கூடாது."

"வெல ஏறுமேம்மா அப்ப."

"தடைக்காலத்துல மீனு வெல ஏறலியா? நீங்க மீனு திங்காமயா இருக்கீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எட்வினும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "பத்து மாசம் வடிக்கறதுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சா அவ்வளவா ஏறாது. ஏறுற மாசத்துல பஸ்ஸுக்கும் ஆம்புலன்சுக்கும் படகுக்கும் மொதல்ல குடுத்துடலாம். இத நான் உப்பத் தேடறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றார். ஊரும் தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாடு போட்டது. வருவதற்கும் டீசல் இல்லாத படகு இனி காரைமேட்டில் இருந்து இறங்கக்கூடாது. ரத்தினவேலைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு டேங்கிலிருந்து ஒரு தொட்டி ஆயிற்று, ஒரு தொட்டியிலிருந்து பல. விலை மெல்ல இறங்கியது. அடுத்த ஐப்பசி முதல் நாள் எட்வின் வால்வுகளைத் தன் கையாலேயே மூடினார். பாசி நிறம் மங்கிச் சுருண்டது. பெட்ரோல் பங்கில் விலைப் பலகை மாறியது. சாயங்காலம் அந்த வாசனை ஊருக்குள் வந்தபோது பல பேர் பாயை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

விடிந்ததும் டீக்கடை கொள்ளவில்லை. பச்சைக் கடல் திரும்பிவிட்டது, ஆனால் ரயிலைக் காணோம். அதற்குப் பதில் ஒரு நீலப் படகு. பக்கிரிசாமியைப் பார்த்தே இராத, ஆலைக்குப் புதிதாய் வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள்கூட, "காதுல பீடி சொருகின ஆளு" என்று கையால் காட்டிச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஊரே பாத்துடுச்சு. இதுக்கு மேல என்னா உடம்பு வேணும்? இன்னிக்கு யாரும் கடலுக்குப் போக வேணாம்" என்றார். இறங்கத் தயாராய் இருந்த படகுகளைத் திரும்பக் கரைக்கு இழுத்துக் கட்டினார்கள்.

மணிமொழி சந்தைக்கு ஓடினாள். அஞ்சலாட்சி வழக்கம்போல ரோட்டோரம் கருவாடு பரப்பி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, பாத்தீங்களா?"

"நான் தூங்கவே இல்ல மணி. வராமப் போயிட்டா என்னா பண்றதுன்னு பயம். ஒக்காந்தே இருந்துட்டேன்."

"வந்தாரு அண்ணி. நானும் பாத்தேன். அவரு..."

"நீ சும்மா இரு" என்றாள் அஞ்சலாட்சி. குரலில் கோபம் இல்லை. "நீ எனக்காக நல்லதாத்தான் சொல்லுவ."

அது மணிமொழிக்கு உறைத்தது, உறைக்க வேண்டியதுதான் என்றும் பட்டது.

அப்போது நாமக்கல் லாரி ஒன்றிலிருந்து இறங்கிய டிரைவர் கருவாடு கேட்டு வந்து குந்தினார். டீசல் வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு இரவு இங்கேயே தூங்கியவர். கொட்டாவி விட்டுக்கொண்டே, "உங்க ஊர்ல என்னமோ கனவு வருதுங்கம்மா, நெசமாட்டமே இருக்குது" என்றார்.

தராசைப் பிடித்திருந்த அஞ்சலாட்சியின் கை நின்றது. "படகு ஒண்ணு வந்துச்சா?"

"நீலக் கலர் படகுங்க. ஒரு ஆளு இருந்தாருங்க."

"என்ஜின் ஓடுச்சா?"

"ஓடுச்சுங்களே. டப்பு டப்புன்னு ஒரே சத்தம். அதுலதான் எனக்கு முழிப்பே வந்துச்சு."

அஞ்சலாட்சி தராசைக் கீழே வைத்தாள். கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "எந்தப் பக்கமாப் போச்சு?"

"போகலைங்கம்மா" என்றார் டிரைவர். "வந்துட்டு இருந்துச்சு."

அவள் இன்னும் இரண்டு கை கருவாட்டை அள்ளிப் போட்டு, பொட்டலம் கட்டி அவரிடம் நீட்டினாள்.